மூச்சுக்குக் காது கொடுக்காத நெஞ்சு

கொஞ்ச நேரம் சும்மா படுத்திருங்கம்மா, எதையும் யோசிக்காதீங்க, என்று சொல்லிவிட்டு, டெஸ்ட் எடுக்கும் பெண் யாமினி திரையை இழுத்து மூடினாள். திரைக்கு அந்தப் பக்கம் அவளுடைய நாற்காலிச் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. சும்மா படுத்திருப்பது. இதை ஒருவர் என்னிடம் கேட்டு எத்தனை காலமாயிற்று. ஓய்வெடு என்பார்கள், எல்லோரும் சொல்வார்கள், ஆனால் எனக்கு ஓய்வு என்பதும் மாத்திரை மாதிரி வேளை தவறாமல் எடுக்கவேண்டிய ஒன்று, எடுத்தாயா என்று கேட்பதற்கு ஆள் உண்டு. மார்பில் ஒட்டியிருக்கும் மூன்று ஒட்டுகளின் பசை இன்னும் குளிர்கிறது. வயிற்றுக்கு மேலே ஒரு பட்டை. அது என் மூச்சை அளக்கும், ஒட்டுகள் இதயத்தை அளக்கும், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோடுகளாகக் கம்ப்யூட்டர் திரையில் ஓடும். ஒட்டுகளுக்கு நடுவே தழும்பு. கழுத்துக்குழிக்குக் கீழே தொடங்கி நேராக இறங்குகிறது. யாமினி அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தாள், நல்ல பெண், இருபத்தைந்து வயதிருக்குமா, மெட்ராஸ் பேச்சு, ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு அம்மா. பாளையங்கோட்டையில் என் மகள் ஷீபா என்னை இப்படி ஒரு நாளில் இத்தனை தடவை அம்மா என்று கூப்பிடுவதில்லை. ஷீபா இப்போது கல்லூரியில் இருப்பாள், சாப்பிட்டாளா, பிரிட்ஜில் குழம்பு வைத்தேன், சூடு பண்ணிக்கொள்ளச் சொன்னேன், செய்யமாட்டாள், சோற்றில் அப்படியே ஊற்றிக்கொள்வாள். எதையும் யோசிக்காதீங்க என்றாளே. மேலே ஏசி காற்று வரும் இடத்தில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருக்கிறார்கள், அது படபடக்கிறது. உள்ளே, எனக்குள்ளே, அந்த இன்னொரு ஆளின் இதயம் தன் பாட்டுக்குப் போகிறது, டிக் டிக் டிக் என்று கொஞ்சம் அவசரமாக, நான் படுத்திருப்பது அதற்குத் தெரியாது. என்னைவிட அதற்கு எப்போதும் ஒரு படி வேகம். நான் நின்றாலும், தூங்கினாலும், ஜெபித்தாலும் அதே நடை.

இதைத்தான் டாக்டர் வசுமதி போன மாதம் போனில் சொன்னார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் எனக்கு இந்த இதயத்தை வைத்த குழுவில் இருந்தவர்கள், இப்போது இந்த ஆராய்ச்சி செய்கிறார்கள். சிகிச்சைக்கு இது தேவையில்லை எமீமாள், விருப்பம் இருந்தால் மட்டும் வாருங்கள், வருஷப் பரிசோதனைக்கு எப்படியும் சென்னை வருகிறீர்களே, என்றார்கள். பிறகு பொறுமையாக விளக்கினார்கள். எல்லோருக்கும் மூச்சை இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகம் எடுக்கும், விடும்போது நிதானமாகும். மூளையிலிருந்து ஒரு நரம்பு இறங்கி வந்து இதயத்தைப் பிரேக் மாதிரிப் பிடித்துக்கொண்டிருக்கிறது, மூச்சு உள்ளே போகும்போது அந்தப் பிடி தளர்கிறது, வெளியே வரும்போது இறுகுகிறது. பிறந்த நாளிலிருந்து இரண்டும் அப்படிப் பேசிக்கொண்டே இருக்கின்றன, நமக்குத்தான் தெரிவதில்லை. இதயத்தை எடுத்து இன்னொருவருக்கு வைக்கும்போது ரத்தக்குழாய்களைத் தைக்கிறோம், நரம்பைத் தைக்க முடிவதில்லை. அதனால் உங்கள் இதயத்துக்கு உங்கள் மூச்சு கேட்காது. சிலருக்கு மட்டும் சில வருஷம் போனபிறகு நரம்பு தானாக வளர்ந்து போய்த் தொடுகிறது, யாருக்கு, எப்போது என்று தெரியவில்லை, அதைத்தான் பார்க்கிறோம். நான் சரி டாக்டர் என்றேன். அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் மாட்டேன் என்று சொல்லும் நாக்கு எனக்கு இல்லை. ஆனால் போனை வைத்தபிறகு அடுக்களையில் அப்படியே நின்றேன். தானாக வளர்ந்து போய்த் தொடுகிறது. இருட்டில் கையை நீட்டித் துழாவிக்கொண்டு ஒரு நரம்பு. என் நரம்பு. அத்தானிடம், அதாவது ஆசீர் அத்தானிடம், என் வீட்டுக்காரரிடம், ஏதோ ஒரு கூடுதல் டெஸ்ட் என்று மட்டும் சொன்னேன். ஆசைப்பட்டுவிட்டேன் என்பதைச் சொல்லவில்லை. உயிர் கிடைத்தவள் அதற்குமேல் ஒன்றுக்கு ஆசைப்படுவது நன்றாகவா இருக்கும்.

உயிர் கிடைத்தவள். சபையில் என்னை அப்படித்தான் காட்டுவார்கள், வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு, அந்த அம்மாதான், இதய மாற்று. வைரஸ் காய்ச்சல் என்று ஒரு வாரம் படுத்தேன், அதற்குப்பிறகு மாடிப்படி ஏற முடியவில்லை, பிறகு தெருமுனை வரை போக முடியவில்லை, பிறகு சீப்பைப் பிடித்துத் தலைவார முடியவில்லை. ரயில்வே முன்பதிவு கவுண்டரில் உட்கார்ந்து வேலை பார்த்தவள், நாகர்கோவிலுக்கும் சென்னைக்கும் ஊரையே ஏற்றி அனுப்பியவள், கடைசியில் என்னைச் சென்னைக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். இதயம் வீங்கிப் பை மாதிரி ஆகிவிட்டது என்றார்கள். அப்புறம் ஒரு நாள் இதயம் கிடைத்தது. வாலிபப் பிள்ளை, சாலை விபத்து, அதற்குமேல் சொல்லமாட்டார்கள், கேட்கவும் கூடாது. அவன் எந்த ஊர், என்ன சாப்பிடுவான், யார் மீது பிரியம் வைத்திருந்தான், எதைக் கேட்டால் இந்த இதயம் துள்ளியிருக்கும். இப்போது எதைக் கேட்டாலும் துள்ளுவதில்லை. ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்துபோய்ச் சாட்சி சொல்லவேண்டும், ஆண்டவர் எனக்குச் செய்த நன்மைகளை. முதல் வருஷம் அழுதுகொண்டே சொன்னேன், சபையே அழுதது. இரண்டாம் வருஷம் அதே வார்த்தைகள், அதே இடத்தில் குரல் உடையவேண்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள், உடைத்துக் கொடுத்தேன். போன வருஷம் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது எனக்குள் ஒன்றுமே இல்லை, மாத்திரையால் உப்பிய முகம், நடுங்குகிற விரல்கள், முகக்கவசத்துக்குள் என் மூச்சே என் முகத்தில் வெந்நீர் ஆவி மாதிரி. நன்றி என்றேன். நன்றி, நன்றி. நன்றியில்லாமல் இல்லை. நன்றி உண்டு. அது அடியில் எங்கேயோ கிடக்கிறது, ஆனால் அதன்மேல் ஏறி நின்று ஏறி நின்று கால் வலிக்கிறது. இதை யாரிடம் சொல்ல. சொன்னால், ஒருத்தன் செத்து உனக்குக் கொடுத்தான், உனக்குக் கால் வலிக்கிறதோ என்பார்கள். நானே சொல்லிக்கொள்கிறேன், அடுத்தவர் எதற்கு.

அம்மா போன அன்று. நாசரேத்திலிருந்து தம்பி போன் செய்தான். அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா போயிட்டாக்கா என்றான். நான் அடுப்பை அணைத்தேன். மார்புக்குள் டிக் டிக் டிக், அதே நடை, பக்கத்து வீட்டுச் செய்தி மாதிரி. எனக்கு அப்போது வந்தது துக்கமே இல்லை, பயம். இத்தனை வருஷம் அதிர்ச்சி என்றால் நெஞ்சு திக்கென்று இருக்கும் என்று தெரியும், திக்கென்று இருப்பதை வைத்துத்தான் அது அதிர்ச்சி என்றே தெரியும், அது இல்லாமல் நிற்பது எப்படி என்றால், மணி அடிக்காத கோயில் மாதிரி, இல்லை, அப்படியும் இல்லை, இருட்டில் கடைசிப் படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தால் தரை வந்துவிடுமே, அப்படி. புடவை மாற்றினேன், ஷீபாவுக்குச் சொன்னேன், அத்தானை பஸ் டெப்போவிலிருந்து, அவர் வேலையிலிருந்து, கூப்பிட்டேன், எல்லாம் ஒழுங்காக. காரில் ஏறிக் கதவைச் சாத்தி வண்டி முறப்பநாடு பக்கம் போய்க்கொண்டிருந்தபோது, நான் வெளியே வாழைத்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எதுவும் நினைக்காத நேரத்தில், அது ஓட ஆரம்பித்தது. தடதடவென்று. ரத்தத்தில் கலந்த ஏதோ ஒன்று சுற்றிச் சுற்றி வந்து இப்போதுதான் அதற்குச் சேதி சொல்லியிருக்கிறது. நரம்பு இருந்தால் தந்தி, நரம்பு இல்லாததால் தபால், என்று டாக்டர் பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்கள். சாவு வீட்டில் இறங்கும்போது அது மறுபடி அடங்கிவிட்டிருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கண்ணீர் வரவில்லை. பெரியம்மா ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது, மாத்தி வச்ச நெஞ்சுல்லா, அதுக்கு இவ தாயி யாருன்னு தெரியுமா. அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் உள்ளே போய்த் தங்கிவிட்டது. அன்றிலிருந்து எதையும் உணரும் முன்னால் ஒரு கணம் காத்திருக்கிறேன், உள்ளேயிருந்து உத்தரவு வரட்டும் என்று. வருவதில்லை. ஷீபா முதல் வகுப்பில் தேறினாள் என்று வந்து கட்டிக்கொண்டாள், காத்திருந்தேன். அத்தான் ஒருநாள் மழையில் நனைந்துகொண்டு எனக்காக மருந்து வாங்கி வந்து நின்றார், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, அப்போதும் காத்திருந்தேன். நெஞ்சில் வலி வந்தாலும் எனக்குத் தெரியாதாம், இந்த இதயம் வலியைச் சொல்லாதாம், அதனால்தான் வருஷா வருஷம் உள்ளே குழாய் விட்டுப் பார்க்கிறார்கள். நின்றுபோனால்கூடச் சொல்லிக்கொள்ளாமல்தான் நிற்கும்.

திரை விலகியது. தூங்கிட்டீங்களா என்றாள் யாமினி. இல்லை என்றேன். இனிமேல்தான் முக்கியமான பகுதி என்றாள். தலைமாட்டில் ஒரு சின்னத் திரையைத் திருப்பி வைத்தாள், அதில் ஒரு பச்சைப் பட்டை, அது மெல்ல ஏறும்போது இழுக்கவேண்டும், இறங்கும்போது விடவேண்டும். சாதாரணமாக விடுவதைவிட ரொம்ப மெதுவாக. அந்த வேகத்தில்தான் மூச்சும் இதயமும் ஒன்றுக்கொன்று நன்றாகத் தெரியுமாம். நான் அவளிடம் கேட்டேன், உன்னை வைத்துப் பார்த்திருக்கிறாயா என்று. மெஷின் வந்த புதுசில் பார்த்தோம்மா, எனக்கு அலை அலையா வந்துச்சு, பீச்சு மாதிரி, என்று கையை ஏற்றி இறக்கிக் காட்டினாள். பிறகு அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் பட்டையைச் சரிசெய்தாள்.

இழுங்க. பச்சை ஏறுகிறது. மூக்கு வழியாக, ஆஸ்பத்திரி வாசனை, டெட்டால், யாரோ உரித்த ஆரஞ்சு, விலா எலும்புகள் விரிகின்றன, தைத்த கம்பி இருக்கும் நெஞ்செலும்பு லேசாக இறுகுகிறது, இப்போது வேகம் எடுக்கவேண்டும், எடு, பிரேக்கை விட்டாயிற்று, மேட்டில் ஏறுகிறோம். டிக் டிக் டிக். விடுங்க. பச்சை இறங்குகிறது. இப்போது நிதானம். எல்லாம் தளர்கிறது, தோள், வயிறு, தாடை, நீயும் தளர், யாரும் உன்னைத் துரத்தவில்லை. டிக் டிக் டிக். இழுங்க. நீ எந்த ஊர்ப் பிள்ளையோ, உன்னிடம் நான் ஒன்றும் கேட்டதில்லை, நாலு வருஷமாக உன்னைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறேன், கூட்டத்துக்குப் போகாமல், வெளியில் சாப்பிடாமல், என் உடம்பு உன்னை அந்நியன் என்று அடித்துத் துரத்திவிடக்கூடாது என்று மாத்திரை போட்டு என் உடம்பையே மயக்கி வைத்திருக்கிறேன் காலையும் மாலையும். ஒரே ஒரு தடவை திரும்பிப் பார். விடுங்க. நான் மூச்சு விடுகிறேன், இது நான், நீ குடியிருக்கிற வீட்டுக்காரி. டிக் டிக். ஒரு கணம் தாமதித்ததுபோல இருந்தது, நிஜமாகவே, இறக்கத்தின் அடியில் ஒரு சின்னத் தயக்கம், அடுத்த துடிப்பு வருமா என்பதுபோல. காதுக்குள் ரத்தம் கேட்கிறது. இழுங்க. வேகமாகிறதா, ஆகிறது, இல்லை, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறது. வேண்டிக்கொண்டே மூச்சு விட்டால் மூச்சு கெட்டுவிடுகிறது. விடுங்க. யாமினியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சிவப்பு நூல் மட்டும் தெரிகிறது. அது காற்று வந்தால் ஆடுகிறது. இழுங்க. எனக்கு அலுத்துவிட்டது. திடீரென்று, நடுமூச்சில், கையிலிருந்த பை அறுந்து விழுவதுபோல அலுத்துவிட்டது. கெஞ்சிக்கொண்டே இருப்பதில். நன்றி சொல்லிக்கொண்டும் கெஞ்சிக்கொண்டும் ஒரு வாழ்க்கை. விடுங்க. போ. உன் நடையில் போ. நான் என் மூச்சை விட்டுக்கொள்கிறேன்.

போதும்மா, முடிஞ்சது, என்று யாமினி விளக்கைப் போட்டாள். ஒட்டுகளைப் பிய்க்கும்போது தோலோடு வராமல் விரலால் அழுத்திக்கொண்டு மெல்ல எடுத்தாள். நான் உட்கார்ந்து ரவிக்கையைப் பூட்டிக்கொண்டே கேட்டேன்.

"அலை வந்துதாம்மா?"

"டாக்டர் பார்த்துட்டுச் சொல்லுவாங்க."

"நீ பார்த்தேல்ல."

அவள் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றி முடித்து, கொக்கியில் மாட்டி, திரும்பி, என்னை நேராகப் பார்த்தாள். "இல்லம்மா. மூச்சு நல்லா ஏறி இறங்குது. இதயம் கோடாதான் போகுது."

தெரியும் என்றேன். தெரிந்துதான் இருந்தது, ஆனாலும் கண் நிறைந்துவிட்டது, உத்தரவுக்குக் காத்திராமல். மூச்சு துண்டு துண்டாக வந்தது, மூக்கு ஒழுகியது, முகக்கவசம் நனைந்தது. மார்புக்குள் டிக் டிக் டிக் என்று எந்த மாற்றமும் இல்லை. அழுவதற்கு அது தேவைப்படவே இல்லை. அம்மாவுக்கு அழவேண்டிய அழுகையும் இதில் இருக்கிறது என்று அழுதுகொண்டே தெரிந்தது. யாமினி பஞ்சுச்சுருளைக் கிழித்துக் கொடுத்தாள், பிறகு புது முகக்கவசம் ஒன்று எடுத்துக் கொடுத்தாள்.

வெளியே வராந்தாவில் அத்தான் சுவரோரம் உட்கார்ந்திருந்தார், மடியில் என் பை, பைக்குள் தண்ணீர், மாத்திரை, வெப்பமானி, மாற்று உடை, எதையும் விட்டுவிடாதவர். பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர், எனக்கு ஆபரேஷன் ஆனபிறகு வீட்டோடு இருக்கவேண்டும் என்று டெப்போ வேலைக்கு மாற்றிக்கொண்டார். என்னைக் கண்டதும் எழுந்தார். என்ன சொன்னாங்க என்று கேட்டார். எப்போதும் நான் சொல்லும் பதில் நாக்கு நுனியிலேயே இருக்கும், எல்லாம் நல்லா இருக்காம் அத்தான், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எனக்குக் களைப்பா இருக்கு அத்தான்."

உடனே பையைத் திறந்தார். மூச்சு வாங்குதா, தலை சுத்துதா, காய்ச்சல் மாதிரி இருக்கா, டாக்டரம்மாவைக் கூப்பிடட்டுமா என்று கேட்டுக்கொண்டே வெப்பமானியை எடுத்தார். நான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். அந்தக் களைப்பு இல்லை என்றேன். பிறகு எப்படித் தொடங்கினேன் என்று தெரியவில்லை, இந்த டெஸ்ட் எதற்கு என்று சொன்னேன், ஆசைப்பட்டதைச் சொன்னேன், அது நடக்கவில்லை என்றேன், நாலு வருஷமாகப் பிழைத்தவளாக இருந்து இருந்து அலுத்துவிட்டது என்றேன், இந்த வருஷம் எழுந்து நின்று சாட்சி சொல்லமாட்டேன் என்றேன். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. ரத்தம் கொடுக்க ஆள் தேடி அலைந்தவர், ஐ.சி.யூ வாசலில் தரையில் படுத்தவர். யாரோ ஒருவர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எங்களைக் கடந்துபோனார். அத்தான் வெப்பமானியை அதன் உறையில் போட்டார். ஒரு தடவையில் போகவில்லை, இரண்டாம் தடவை போயிற்று.

"வேண்டாம்னா சொல்லாத," என்றார். கொஞ்சம் கழித்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "எனக்குந்தான் களைப்பா இருக்கு, எமீ," என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து இதை நான் கேட்டதில்லை. அதற்குப்பிறகு மெதுவான குரலில், கணக்கு ஒப்படைப்பவர் மாதிரி இல்லாமல், குழறிக் குழறிச் சொன்னார். காலையில் விழித்ததும் என் போர்வை அசைகிறதா என்று பார்த்தபிறகுதான் காலைத் தரையில் வைப்பாராம். நான் இருமினால் அவருக்குக் கை குளிர்ந்துவிடுமாம். டெப்போவில் பஸ்கள் கிளம்பும்போது, ஏதாவது ஒன்றில் ஏறி உட்கார்ந்து எங்கேயாவது போய்விட்டால் என்ன என்று தோன்றுமாம், தோன்றிய பாவத்துக்கு அன்றைக்கு எனக்குப் பழம் வாங்கி வருவாராம். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், முகக்கவசத்துக்கு மேல் கண் மட்டும். எத்தனை கொய்யா, எத்தனை சப்போட்டா, எல்லாம் அந்தப் பஸ்களா. கோபம் வரவில்லை. வரட்டும் என்று காத்திருக்கவும் இல்லை. போயிருந்தா நானும்ல்லா வந்திருப்பேன் என்றேன். அதற்குள் அவர் தலை சாய்ந்து என் தோளில் விழுந்திருந்தது.

தூங்கிவிட்டார். பட்டப்பகலில், விளக்கும் கூட்டமுமாக இருக்கும் வராந்தாவில், பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே தூங்கிவிட்டார். கனமான தலை, நரைத்த முடி, ரயிலில் தடவிய எண்ணெய் வாசனை. கை என் மடியில் மல்லாந்து கிடந்தது. அதன் மணிக்கட்டில், எலும்புக்கு இந்தப் பக்கம், என் விரல்களை வைத்தேன். எதற்கென்று இல்லை. முதலில் ஒன்றும் புரியவில்லை, மேடும் பள்ளமுமான சாலையில் வண்டி போவதுபோல இருந்தது. பிறகு அவருடைய மூச்சோடு சேர்த்துக் கவனித்தேன். மார்பு எழும்பும்போது துடிப்புகள் நெருங்கி வந்தன, லேசாகத்தான், ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு. மூச்சு இறங்கும்போது ஒன்றுக்கொன்று இடம் விட்டன, கடைசியில் நீளமாக ஒரு இடைவெளி, அடுத்த மூச்சு வரும்வரை. மறுபடி எழும்பியது, மறுபடி நெருங்கின. இந்த மனிதருக்குப் பக்கத்தில் இத்தனை வருஷம் படுத்திருக்கிறேன், இது உள்ளே நடந்துகொண்டே இருந்திருக்கிறது, பஸ் ஓட்டும்போது, தரையில் படுத்திருந்தபோது, பாவம் தீரப் பழம் வாங்கியபோது. எனக்கும் இது இருந்தது, அந்தக் காய்ச்சல் வரும்வரை, நான் அறியாமலே இருந்தது. விரலை எடுக்க மனமில்லை.

எமீமாள் ஆசீர், என்று டாக்டர் அறை வாசலிலிருந்து ஒரு நர்ஸ் கூப்பிட்டார். இந்த ஆஸ்பத்திரியில் என் பெயரை இரண்டாம் தடவை கூப்பிட நான் விட்டதில்லை. அவர் மூச்சை இழுத்தார். அவர் மூச்சை விட்டார். எமீமாள் ஆசீர் என்று மறுபடி கேட்டது, இன்னும் சத்தமாக. நான் அசையவில்லை. அசைந்தால் அவர் எழுந்துவிடுவார். நர்ஸ் எங்களைப் பார்த்துவிட்டார். அடுத்தவரை அனுப்புங்கள் என்று, மணிக்கட்டைப் பிடிக்காத கையால் சைகை காட்டினேன்.